ஏர்பேக் விளக்கை அணைப்பது பழுதுபார்ப்பு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சியிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் புதுக்கோட்டைக்கும் தேவகோட்டைக்கும் இடையே நடக்கும் கார் விபத்துகள் குறித்துத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் வரும் செய்திகளில், 'ஏர்பேக் விரியவில்லை' என்ற வரியை அவ்வப்போது படிக்கிறேன். படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. அந்த வண்டியின் மீட்டரில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு விபத்துக்கு முன்பே எரிந்துகொண்டிருந்ததா? எரிந்திருந்தால், அதை யார் பார்த்தார்கள், பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? காரைக்குடியில் கார்களின் மின்பணியைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஏர்பேக் விரியாத விபத்துகள் எல்லாவற்றிலும் பழுது இருந்தது என்று நான் சொல்லவில்லை. குறைந்த வேகத்தில் மோதினாலோ, பின்னாலிருந்து வேறு வண்டி இடித்தாலோ, முன்பக்க ஏர்பேக் பொதுவாக விரியாது. அதன் அமைப்பே அப்படித்தான். லாரியின் பின்பகுதிக்கு அடியில் கார் புகுந்துவிடும் விபத்துகளில், மோதலின் அதிர்ச்சி சென்சாருக்கு உரிய நேரத்தில் உரிய அளவில் எட்டாமல் போவதும் உண்டு. ஆனால் விளக்கு எரிந்தபடி ஓடிய வண்டியின் நிலை வேறு. மோதல் நேர்ந்தால் ஏர்பேக் இயங்காமல் போகலாம் என்று அந்த வண்டி முன்கூட்டியே சொல்லிவிட்டது. அதைக் கேட்டவர்கள்தான் பொருட்படுத்தவில்லை.

அப்படிச் சொல்வது ஏர்பேக் கன்ட்ரோல் மாட்யூல் என்னும் சிறிய பெட்டி. பெரும்பாலான கார்களில் அது கியர் லிவருக்கு அருகே, நடுக் கன்சோலுக்கு அடியில், தரைத்தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். வண்டியின் வேகம் எவ்வளவு திடீரெனக் குறைகிறது என்பதை அளக்கும் சென்சார் அதற்குள்ளேயே இருப்பதால், போல்ட் தளர்ந்தாலும், மேலே அச்சிட்டிருக்கும் அம்புக்குறி திசைமாறிப் பொருத்தப்பட்டாலும், அதன் கணிப்பு தவறிவிடும். மோதல் தொடங்கிய சில பத்து மில்லி நொடிகளுக்குள் எந்த ஏர்பேக்கை விரிக்க வேண்டும், எந்த சீட் பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும் என்று முடிவெடுப்பது அந்தப் பெட்டிதான். மோதலின் முதல் அடியில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் வேலையை முடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தன்னுள் இருக்கும் கெப்பாசிட்டரில் அது சேமித்து வைத்திருக்கிறது. சாவியை ஆன் செய்ததும் முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு ஏர்பேக்கையும் பற்றவைக்கும் ஸ்க்விப் எனப்படும் முனைக்கு மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, மின்தடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்த அளவு பெரும்பாலும் 2 ஓம் அளவில் இருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை இந்தச் சோதனை நிற்பதில்லை. எங்கேனும் ஒரு சுற்றில் மின்தடை கூடினாலும் குறைந்தாலும் அதற்குரிய பழுதுக் குறியீட்டை நினைவில் பதித்து விளக்கை எரியவிடுகிறது.

இந்தப் பிரச்சினை இப்போது நம் பட்டறைகளுக்குப் பெருமளவில் வந்து சேர்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமானது. முன்னிருக்கைப் பயணிக்கான ஏர்பேக், புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 டிசம்பர் 31 முதலும் கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் விற்ற வண்டிகளில் பல இன்று வாரண்டி முடிந்து, இரண்டாம் கை மாறி, நிறுவனத்தின் சர்வீஸ் மையங்களை விட்டுத் தெருமுனைப் பட்டறைகளுக்கு வருகின்றன. ஏர்பேக் ஊர் முழுக்க வந்துவிட்டது. அதைச் சோதித்துப் பார்க்கும் முறையான பயிற்சி இன்னும் வரவில்லை.

செட்டிநாட்டுக்கே உரிய சில காரணங்களும் உள்ளன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில், பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும் கோயில் படைப்புக்கும் குடும்பத்தார் வரும்போது மட்டும் எடுப்பதற்கென்று கார்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஆட்கள் வந்ததும் வேறொரு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்தால், மின்னழுத்தம் குறைவு என்ற குறியீட்டை மாட்யூல் பதிந்துகொள்கிறது. நிறுத்தி வைத்த வண்டிக்குள் எலி குடியேறி ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் மோதல் சென்சாரின் ஒயரையோ, தரைவிரிப்புக்கு அடியில் செல்லும் ஒயர்க் கட்டையோ கடித்துவிடுவது இங்கே அன்றாடச் செய்தி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு ரப்பர் வழியாகவும் ஏசி வடிகுழாய் அடைப்பாலும் உள்ளே இறங்கும் தண்ணீர், தரைவிரிப்புக்கு அடியில் வெளியே தெரியாமல் தங்கி, மாட்யூலின் கப்ளரில், அதாவது ஒயர்களை இணைக்கும் செருகியில், உள்ள பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்கிறது.

இவை போதாதென்று நம் கைகளாலேயே செய்யும் வேலைகளும் சேர்கின்றன. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் பக்தர்களை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார்கள் அடிக்கடி வாட்டர் சர்வீஸுக்குப் போகின்றன. உட்புறம் சுத்தம் செய்கிறோம் என்று இருக்கையை இழுத்து, அதன் அடியில் தண்ணீரைப் பீய்ச்சும்போது அங்குள்ள மஞ்சள் நிறக் கப்ளர் அசைந்துவிடுகிறது. பக்கவாட்டு ஏர்பேக்குக்கும் பெல்ட் பூட்டுக்கும் செல்லும் இணைப்புகள் அங்கேதான் இருக்கின்றன. மறுநாள் விளக்கு எரிகிறது. இருக்கையில் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிக்கு அதற்கென்று தையல் விடாத சாதாரண சீட் கவரைப் போட்டு, விரிய வேண்டிய வழியையே அடைத்துவிடுகிறார்கள். இதற்கு விளக்கும் எரியாது என்பதால், இதைக் கூடுதல் ஆபத்தானதாகவே நான் கருதுகிறேன்.

இனி, பழுது காணும் முறைக்கு வருகிறேன். ஏர்பேக் விளக்கு எரிந்தால் மாட்யூலே போய்விட்டது என்று உடனே முடிவு கட்டுவது ஒரு தவறு. பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் கருவியைப் போட்டு அதை அழித்துவிட்டு வண்டியை அனுப்புவது இன்னொரு தவறு. வண்டியின் சோதனைச் செருகியில் மாட்டும், குறைந்த விலையில் கிடைக்கும் சிறிய ஓபிடி கருவிகளில் பெரும்பாலானவை இன்ஜின் குறியீடுகளை மட்டுமே படிப்பவை. ஏர்பேக் குறியீடுகளைப் படிக்க அந்த அமைப்புக்குள் நுழையக்கூடிய ஸ்கேனர் வேண்டும். அப்படிப்பட்ட ஸ்கேனரில், இப்போது இருக்கும் பழுதும் முன்பு வந்து போன பழுதும் தனித்தனியாகக் காட்டப்படும். வந்து போன பழுது அழிந்துவிடும். இப்போது இருப்பது அழித்த உடனே திரும்ப வந்து நிற்கும். எனவே எதையும் அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்வதே முதல் வேலை.

பல சுற்றுகளுக்கு உரிய குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்திருந்தால், அத்தனை ஏர்பேக்குகளும் ஒன்றாகக் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பேட்டரியின் மின்னழுத்தம், மாட்யூலுக்குச் செல்லும் ஃபியூஸ், எர்த் இணைப்பு, மாட்யூலின் பெரிய கப்ளர் ஆகிய பொதுவான இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேனரோடு மாட்யூல் பேசவே மறுத்தாலும் இதே வரிசைதான். மின்சாரமும் எர்த்தும் தகவல் ஒயர்களும் சரியாக இருப்பதை உறுதி செய்யாமல் அந்தப் பெட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே ஒரு சுற்றின் குறியீடு மட்டும் இருந்தால் அந்தச் சுற்றைப் பின்தொடர வேண்டும். ஓட்டுநர் ஏர்பேக்கின் குறியீட்டோடு ஹாரனும் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களும் வேலை செய்யவில்லை என்றால், ஸ்டீயரிங்குக்கு அடியில் சுருண்டிருந்து, அது திரும்பும்போதும் மின் இணைப்பு விடாமல் காக்கும் கிளாக் ஸ்பிரிங் என்னும் பட்டை ஒயர் அறுந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு மறுபடியும் மாட்டும்போது அதை நடுநிலையில் வைக்காமல் மாட்டினால், சில திருப்பங்களிலேயே அது அறுந்துவிடும்.

இதில் பலரும் தடுமாறும் நுட்பம் ஒன்று உண்டு. மஞ்சள் கப்ளரின் உள்ளே ஒரு சிறு உலோகப் பட்டை இருக்கிறது. கப்ளரைப் பிரித்ததும் அந்தப் பட்டை ஏர்பேக் பக்கத்து இரண்டு பின்களையும் ஒன்றோடொன்று இணைத்து, தவறுதலாக மின்சாரம் பாய்ந்து ஏர்பேக் வெடிக்காமல் காக்கிறது. மாட்யூல் பக்கத்திலும் இப்படிப் பட்டை வைத்த வண்டிகள் உண்டு. கப்ளர் முழுமையாக அழுந்தி உட்காராவிட்டால் அந்தப் பட்டை விலகாமல் நின்றுவிடும். மின்தடை குறைவு, ஷார்ட் என்று குறியீடு வரும். ஒயர் எங்கோ ஒட்டிக்கொண்டது என்று நினைத்து டாஷ்போர்டு முழுவதையும் பிரித்துப் போடுவார்கள். கப்ளரை 'கிளிக்' என்று ஓசை வரும்வரை அழுத்தியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஏர்பேக்கின் முனைகளில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து அளக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே அதைப் பற்றவைத்துவிடக்கூடும். முறையான வழி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, நிறுவனம் சொல்லும் நேரம் காத்திருந்து, ஏர்பேக்கைப் பிரித்துவிட்டு, அந்த இடத்தில் அதே மின்தடை கொண்ட ஒரு ரெசிஸ்டரைத் தற்காலிகமாக இணைத்துப் பார்ப்பது. காத்திருக்கும் நேரத்தைச் சில நிறுவனங்கள் 90 நொடி என்றும் வேறு சில 3 நிமிடம் என்றும் வகுத்திருக்கின்றன. கெப்பாசிட்டரில் உள்ள மின்சாரம் இறங்குவதற்கான அவகாசம் அது. ரெசிஸ்டரை வைத்ததும் குறியீடு மறைந்தால் பழுது ஏர்பேக்கில் இருக்கிறது. மறையாவிட்டால் ஒயரில் அல்லது மாட்யூலில் இருக்கிறது. ஒயரையும் பிரித்து மாட்யூலின் கப்ளருக்கு அருகிலேயே சோதித்து, அப்போதும் குறியீடு மாறாமல் நின்றால்தான் மாட்யூலை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வரலாம். கழற்றிய ஏர்பேக்கை முகப்பு மேலே பார்க்கும்படி வைப்பதும், மாட்யூலின் போல்ட்டைக் கழற்றிய நிலையில் சாவியை ஆன் செய்யாமல் இருப்பதும் உயிரோடு தொடர்புடைய ஒழுங்குகள். டிங்கர் வேலை செய்பவர்களும், சாவி ஆனில் இருக்கும்போது தரைத்தகட்டைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

சோதனைக்குப் பயன்படும் அதே ரெசிஸ்டரைச் சிலர் நிரந்தரமாக உள்ளேயே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. விபத்தில் ஏர்பேக் விரிந்த வண்டியை வாங்கி, புது ஏர்பேக் போடாமல் ஸ்டீயரிங்கின் மூடியை மட்டும் ஒட்டி, உள்ளே ரெசிஸ்டரை வைத்து மாட்யூலை ஏமாற்றி, விளக்கு எரியாத வண்டியாக விற்கிறார்கள். இன்னும் சிலர் மீட்டரைப் பிரித்து விளக்கையே எடுத்துவிடுகிறார்கள். அல்லது அதன் இணைப்பை ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டி, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதுவும் சேர்ந்து அணையும்படி செய்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஒரு வண்டி என் கைக்கு வந்தபோது, அதில் பின்னிருக்கையில் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் பல மாதங்களாக ஊர் ஊராகப் போய்வந்திருந்தது. விற்றவர் யார், வேலை செய்தவர் யார் என்று இங்கே எழுதுவது என் நோக்கம் அல்ல. இது மோசடி என்று தெரிந்தே செய்பவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள் என்பதை ஊர் அறிய வேண்டும்.

ஏர்பேக் விரிந்த வண்டியின் மாட்யூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபத்தின் விவரம் அதன் நினைவகத்தில் பூட்டப்பட்டுவிடும். பல நிறுவனங்கள் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது, புதிதாக மாற்ற வேண்டும் என்றே கூறுகின்றன. ஆனால் அந்த நினைவை மட்டும் அழித்து அதே பெட்டியைத் திரும்பப் பொருத்தும் தொழில் வெளியூர்களிலிருந்து கூரியர் வழியாகவே நடக்கிறது. காயலான் கடையிலிருந்து வேறொரு வேரியன்ட்டின் மாட்யூலை எடுத்து மாட்டுவதும் நடக்கிறது. அந்தப் பெட்டி, எத்தனை ஏர்பேக்குகள், எந்த எடை, எந்த உடலமைப்பு என்று குறிப்பிட்ட வண்டிக்கென எழுதப்பட்ட மென்பொருளைக் கொண்டது. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதும் கப்ளர் பொருந்துவதும் போதாது.

மாட்யூலே உண்மையில் பழுதாக இருப்பதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. 2023 ஜனவரியில் மாருதி சுசூகி நிறுவனம் ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா ஆகிய மாடல்களில் 17,362 வண்டிகளை ஏர்பேக் கன்ட்ரோலரைச் சோதித்துத் தேவைப்பட்டால் இலவசமாக மாற்றுவதற்காகத் திரும்ப அழைத்தது. மாற்றும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. அமெரிக்காவில், இசட்எஃப்-டிஆர்டபிள்யூ நிறுவனத்தின் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டுகளில் உள்ள ஒரு சிப், மோதலின்போது எழும் மின்னதிர்ச்சியில் செயலிழக்கக்கூடும் என்ற ஐயத்தின் பேரில், ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம் வண்டிகளை உள்ளடக்கி அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2019-இல் விசாரணையை விரிவாக்கியது. இத்தகைய உற்பத்திக் குறையை எந்தப் பட்டறையின் ஸ்கேனரும் கண்டுபிடித்துச் சொல்லிவிடாது. ஆகவே, வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே அதன் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு, திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இருந்தால் செலவே இல்லை.

வண்டி வைத்திருப்பவர்கள் தாமே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாகவே அணைய வேண்டும். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் அப்போது எரிந்துகொண்டே இருக்கும். ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றால் பழுது இருக்கிறது. எரியவே இல்லை என்றாலும் பழுது இருக்கிறது, அல்லது யாரோ கைவைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஓடத் தொடங்கும் அதே கணத்தில் ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தால் ஐயப்படுங்கள். இரண்டாம் கையாக வண்டி வாங்குபவர்கள் விலை பேசுவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கு எரியும் வண்டியில் பெல்ட்டைத் தானாக இறுக்கும் வசதி இயங்காமல் போகலாமே தவிர, பெல்ட் பெல்ட்டாகவே வேலை செய்யும். அதை அணியாமல் இருக்கக் கூடாது. ஏர்பேக் என்பதே பெல்ட்டுக்குத் துணையாக அமைந்ததுதான். பெல்ட் அணியாமலே எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் உலோகக் கிளிப்புகளை விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்ட பிறகும், அவை நம் ஊர் வண்டிகளில் செருகப்பட்டே இருக்கின்றன.

சட்டம் வண்டி வாங்கியவர் பக்கம் இல்லாமல் இல்லை. 2017-இல் நடந்த விபத்தில் ஏர்பேக் விரியாத கார் குறித்த வழக்கில், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறி, அவருக்குச் சாதகமான தீர்ப்பை உறுதி செய்தது. ஆனால், ரெசிஸ்டரும் அழித்த மாட்யூலும் உள்ளே இருக்கும் வண்டிக்காக அப்படி ஒரு வழக்கை நடத்துவது கடினம். மலிவாக வேலை முடித்துக் கொடுத்தவர் பில்லும் கொடுத்திருக்க மாட்டார்.

ஆகவே சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஏர்பேக் வேலை எடுக்கும் பட்டறைகள், வேலைக்கு முன் பதிந்திருந்த குறியீடுகளையும் வேலைக்குப் பின் எடுத்த ஸ்கேன் அறிக்கையையும் பில்லோடு சேர்த்துத் தர வேண்டும். வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும். விபத்துக் காப்பீட்டுத் தொகை வழங்குவதற்கு முன், புதிதாகப் பொருத்திய ஏர்பேக், மாட்யூல் ஆகியவற்றின் வரிசை எண்களைச் சர்வேயர்கள் வண்டியிலேயே பார்த்து உறுதி செய்ய வேண்டும். வாடகைக் கார்களுக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது மேலே சொன்ன விளக்குச் சோதனையை மோட்டார் வாகன ஆய்வாளர்கள் தவறாமல் செய்ய வேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. காரைக்குடியில் அழகப்பர் உருவாக்கிய கல்வி நிலையங்களால் தொழிற்கல்விக்குக் குறைவில்லை. பாலிடெக்னிக்குகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும், ஏற்கெனவே தொழிலில் இருக்கும் மெக்கானிக்குகளுக்காக மாலை நேரத்தில் ஏர்பேக் அமைப்பு குறித்த குறுகிய பயிற்சி ஒன்றைத் தொடங்கினால், சுற்று வட்டாரப் பட்டறைகளிலிருந்து பலர் வருவார்கள். நானும் என்னால் இயன்றதைச் சொல்லிக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். கார் நிறுவனங்கள் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் செய்தி பெரும்பாலும் வணிகப் பக்கத்தில், பங்கு விலைகளுக்கு இடையே, மாடல் பெயரோடு மட்டும் நின்றுவிடுகிறது. அந்தச் செய்தியை மாவட்டப் பக்கத்திலும் வெளியிட்டு, எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையே தயாரான வண்டிகள், சேசிஸ் எண் ஆர்சி புத்தகத்தில் எங்கே இருக்கும், அதை எங்கே இட்டுப் பார்க்க வேண்டும் என்ற விவரங்களையும் சேர்த்துத் தந்தால், தேவகோட்டையிலும் திருமயத்திலும் பொன்னமராவதியிலும் வண்டி வைத்திருப்பவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாகன மின்பணியாளர்,
காரைக்குடி.